அத்தை கொடுத்த பாதி

அத்தை,

பால்கனித் தொட்டியில் கீழாநெல்லி முளைத்திருக்கிறது. நான் வைத்ததில்லை. வெண்டை விதை போட்ட தொட்டி அது. வெண்டை வரவில்லை, இது வந்திருக்கிறது. போன வாரத்து மழையில் ஒரு சாண் உயரத்துக்கு எழுந்து, இலைக்கு அடியில் வரிசையாகக் காய் கட்டி நிற்கிறது. இன்று காலை உங்கள் பேத்தி அதைக் களை என்று பிடுங்கப் போனாள். "அத விடுடீ!" என்று நான் போட்ட சத்தத்தில் கையிலிருந்த பழைய கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். அவளுக்கும் அறுபது வயது தாண்டிவிட்டது, இன்னும் என் சத்தத்துக்குப் பயப்படுகிறாள் என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான். குனிந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தேன். அந்தப் பச்சைக் கசப்பு மூக்கில் ஏறியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள். அதனால் கஞ்சியைக்கூட ஆறவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் போய் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் போன வயதைத் தாண்டி நான் எங்கேயோ வந்துவிட்டேன். இப்போது நாம் எதிரெதிரே உட்கார்ந்தால் நான்தான் மாமியார் மாதிரி இருப்பேன்.

ஐம்பத்தைந்தாம் வருஷம் பாலக்கரையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு வாழ வந்தேன். காவிரிப் பாலத்தைத் தாண்டி அரைமணி நேர பஸ், அவ்வளவுதான் தூரம். அதற்கே என் அம்மா கடல் தாண்டி அனுப்புவதுபோல அழுதாள். நீங்கள் அப்போது மாமாவை இழந்து பல வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகனைப் படிக்க வைத்துக் கணக்கு வாத்தியார் ஆக்கியிருந்தீர்கள். உங்கள் வாயைப் பற்றித் தெருவில் எல்லோரும் முன்கூட்டியே என்னை எச்சரித்தார்கள். பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை அதில் மாட்டாதவர் இல்லை. ஜன்னலோர சீட் கிடைக்காவிட்டால் நீங்கள் அந்த பஸ்ஸில் ஏறவே மாட்டீர்கள். வந்த முதல் வாரம் நான் சாம்பாரில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன். நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உங்க பாலக்கரையில உப்பு சும்மா குடுக்கறாங்களா?" என்று கேட்டீர்கள். மறு தரமும் வாங்கிச் சாப்பிட்டீர்கள். அதையும் நான் கவனித்தேன்.

அந்த வீட்டில் இரண்டு விஷயம் எனக்கு விளங்கவில்லை. சமையலறையிலிருந்து நேரே கிணற்றடிக்குப் போக ஒரு வாசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் செங்கல் வைத்து அடைத்திருந்தது. நிலைச்சட்டம் அப்படியே இருக்க, நடுவில் வேறு நிறத்தில் சுண்ணாம்புப் பூச்சு. தண்ணீர் வேண்டுமென்றால் முன்வாசல் வழியாக வெளியே வந்து, பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குப் போக வேண்டும். இடுப்பில் குடத்தோடு ஒரு நாளைக்கு இருபது நடை. ஏன் அடைத்தார்கள் என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றீர்கள். எதற்கும் நாலு வார்த்தை கூடவே சொல்லும் நீங்கள் அதோடு நிறுத்திக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இன்னொன்று, கிணற்றைச் சுற்றி இருந்த இந்தக் கீழாநெல்லி. கொல்லையை ஒரு புல் இல்லாமல் செதுக்குவீர்கள், இதை மட்டும் விட்டுவிடுவீர்கள். சித்திரை வெயிலில் அதற்குத் தனியாக ஒரு சொம்பு தண்ணீர் வேறு. "உங்கம்மா களைக்குத் தண்ணி ஊத்தறாங்க" என்று உங்கள் மகனிடம் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அவருக்கும் காரணம் தெரியாது.

தலைப்பிரசவம் முறைப்படி அம்மா வீட்டில். பாலக்கரையில் மூத்தவன் பிறந்தான், கொழுகொழுவென்று. பதினோராம் நாள் நீங்கள் வந்தீர்கள். குழந்தையைக் கொஞ்சவில்லை. வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தீர்கள், நகத்தை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தீர்கள். சந்தையில் மாடு பிடிக்க வந்தவர் பல்லைப் பார்ப்பதுபோல இருந்தது. என் அம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எல்லாம் பார்த்து முடித்தபிறகுதான் அவனை மடியில் போட்டுக்கொண்டு ஒரு மூச்சு விட்டீர்கள்.

இரண்டாவது பிரசவம் புகுந்த வீட்டில் என்பதும் முறைதான். நம் வீட்டு உள்அறையில், மருத்துவச்சி வந்து பார்த்து, காலையில் பிறந்தாள். தலை நிறைய முடி. சாயங்காலம் நீங்கள் அவளை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போனீர்கள். திரும்பி வரும்போது உங்கள் முகத்தில் ஒன்றும் இல்லை. என்னிடம் கொடுத்துவிட்டு, சந்து வழியாகச் சுற்றிக் கிணற்றடிக்குப் போனீர்கள். அம்மியில் எதையோ அரைக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சாற்றைத் துணியில் தொட்டு அவள் உதட்டில் வைத்தீர்கள். மறுநாள் உள்ளங்கை வரை மஞ்சள் ஏறிவிட்டது. மூன்றாம் நாள் போய்விட்டாள். பெயர் வைக்கவில்லை. அதற்கு நாள் இல்லை.

என் அம்மா வந்தாள். கூடத்தில் நின்றுகொண்டு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "எங்க வீட்டுல பொறந்தது ஓடி வெளையாடுது. இங்க பொறந்தது தங்கல. வீட்டுல என்னமோ இருக்கு சம்பந்தி."

நீங்கள் திருப்பிக் கொடுப்பீர்கள் என்று காத்திருந்தேன். கொடுக்கவேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன் அத்தை, சண்டை நடந்தால் கொஞ்ச நேரமாவது குழந்தையை மறந்திருக்கலாம். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. அடைத்த வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அந்த மௌனத்தை நான் ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. யாரையாவது கோபித்துக்கொள்ள வேண்டியிருந்தது, நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒரே அடுப்பில் சமைத்தோம். "உப்பு எடுங்க", "அரிசி ஊறிடுச்சு" என்பதைத் தவிர நான் உங்களோடு பேசியது குறைவு.

மறுபடி உண்டானபோது முடிவு செய்துவிட்டேன். முறையாவது ஒன்றாவது, பாலக்கரைக்குத்தான் போவேன். உங்கள் மகன் தலையைச் சொறிந்தார். நேரே உங்களிடம் வந்து நின்றேன். நீங்கள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள். "இந்த வீட்டுல என் பிள்ளை தங்காது அத்தை. நான் அம்மா வீட்டுக்குப் போறேன்" என்றேன்.

நிமிர்ந்து பார்க்காமல் சொன்னீர்கள்: "போ. நாளைக்கின்னு வெச்சுக்காத, இன்னிக்கே போ. பெத்து மாசம் ஒண்ணு ஆகறவரைக்கும் இந்தப் பக்கம் வராத. நானும் அங்க வரமாட்டேன்."

நெஞ்சில் ஈரமே இல்லாத பொம்பளை என்று நினைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டினேன். கிளம்பும்போது நீங்கள் வாசலுக்குக்கூட வரவில்லை.

பாலக்கரையில் என் தம்பி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே ஒரு பெண் டாக்டர். கழுத்தில் சின்னச் சிலுவைச் சங்கிலி, காலில் ரப்பர் செருப்பு, எவ்வளவு கூட்டம் இருந்தாலும் எதிரில் இருப்பவர் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசமாட்டார். நான் வீட்டுத் தோஷத்தைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அந்தக் குழந்தைக்கு மஞ்சள் எப்ப ஆரம்பிச்சுதும்மா?" என்றார். பிறந்த அன்று சாயங்காலமே என்றேன். பேனாவைக் கீழே வைத்தார். எனக்கு ரத்தம் எடுக்கச் சொன்னார், உங்கள் மகனையும் வரச்சொன்னார். அவர் பள்ளிக்கூடம் விட்டு, சட்டைக் கையில் சாக்பீஸ் தூளோடு வந்து கையை நீட்டினார்.

இரண்டு நாள் கழித்து டாக்டரம்மா விளக்கினார். "உன் ரத்தம் ஆர்.எச். நெகட்டிவ். உன் வீட்டுக்காரருக்குப் பாசிட்டிவ். குழந்தை அப்பா மாதிரி பாசிட்டிவா இருந்தா, பிரசவத்துல அதோட ரத்தம் கொஞ்சம் உன் ரத்தத்துல கலக்கும். உன் உடம்பு, இது யாரோ வெளியாள்னு நெனச்சு எதிர்க்கக் கத்துக்கும். அதுக்குள்ள முதல் குழந்தை வெளிய வந்துடும், அதுக்கு ஒண்ணும் ஆகாது. அடுத்து வர்ற பாசிட்டிவ் குழந்தைதான் மாட்டிக்கும். அதோட ரத்தம் அழிய அழிய மஞ்சள் ஏறும்."

"அப்ப வீடு?" என்றேன்.

"நீ மூத்தவனை ஸ்ரீரங்கத்துல பெத்து, ரெண்டாவதை இங்க பெத்திருந்தா உங்கம்மா வீட்டுக்குத்தான் தோஷம்னு சொல்லியிருப்பாங்க."

பக்கத்தில் இருந்த என் அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வந்தது பயம்தான். வீடு என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஓடிவந்துவிடலாம். என் ரத்தத்தை விட்டு எங்கே ஓடுவேன்?

டாக்டரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. நாள் நெருங்குவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே பிரசவம் பார்த்துவிடலாம் என்றார். குழந்தைக்கு மஞ்சள் ஏறினால் அதன் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றும் முறை ஒன்று இருக்கிறது, தான் மெட்ராஸில் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்திருப்பதாகச் சொன்னார். அதற்கு நெகட்டிவ் ரத்தம் வேண்டும். அது நம் ஊரில் நூறு பேரைப் பார்த்தால் சிலருக்குத்தான் இருக்கும். சொந்தக்காரர்களை எல்லாம் வரச்சொல்லுங்கள் என்றார்.

ரத்தம் கொடுத்தால் ஆயுசு குறையும் என்று நினைத்த காலம். கல்யாணப் பந்தியில் இடம்பிடிக்கும் எங்கள் சொந்தத்தில் அன்று ஒருவரையும் காணோம். தம்பி மட்டும் கையை நீட்டினான். கோழி அறுப்பதைப் பார்த்தாலே தலை சுற்றி உட்காருகிறவன் அவன். பார்த்தால் நெகட்டிவ். அன்றிலிருந்து "அக்கா புள்ளைக்காக" என்று சொல்லிச் சொல்லித் தினம் இரண்டு முட்டையும் ஈரலும் தின்றான். ஒரு சுற்றுப் பெருத்தே போனான். ஆனாலும் ஒருவர் போதாது, இன்னும் ஒருவராவது வேண்டும் என்றார் டாக்டரம்மா.

அடுத்த வாரம் நான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளைச் சேலையும் கறுப்புக் குடையுமாக நீங்கள் வருகிறீர்கள். தனியாக, பஸ் பிடித்து, இந்தப் பக்கம் வரவே மாட்டேன் என்று சொன்ன நீங்கள். பெஞ்சில் இடம் இருந்தும் உட்காரவில்லை. நாலடி தள்ளிச் சுவரோரம் நின்றுகொண்டீர்கள். "உக்காருங்க அத்தை" என்றேன், முகத்தைப் பார்க்காமல்.

"வேணாம். நான் இங்கயே நிக்கறேன். உன் பக்கத்துல நான் வரக்கூடாது."

இன்னும் கோபம்தான் என்று நினைத்தேன். டாக்டரம்மாவிடம் போய், "எனக்கும் ஒடம்புல ரத்தம் ஓடுது. பாத்து எடுத்துக்குங்க. கெழவி ரத்தம்னு கழிச்சுடாதீங்க" என்றீர்கள். உங்களுக்கு அப்போது ஐம்பதுதான் இருக்கும்.

ரத்தம் பார்க்கும் சிஸ்டர் கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே ஓடிவந்தார். நெகட்டிவ். டாக்டரம்மா உங்களையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லை, வேறு ஏதோ யோசனை இருந்தது.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?"

"ஒண்ணு."

"ஒண்ணுதான் பொறந்துதா?"

நீங்கள் குடையின் பிடியைப் பார்த்தீர்கள். திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "நாலு," என்றீர்கள். "மூத்தவன் இருக்கான். அப்புறம் பொறந்த மூணும் தங்கல."

"மஞ்சளா?"

"மூணும் மஞ்சள்."

ஏழு வருஷம் உங்களோடு ஒரே சமையலறையில் இருந்தேன் அத்தை. எனக்குத் தெரியாது. உங்கள் மகனுக்குக்கூட ஒரு தம்பி பிறந்து இறந்தது மங்கலாகத்தான் ஞாபகம். நீங்கள் அன்று சொன்னீர்கள்: மூன்றாவதும் போனதும் மனையடி சாஸ்திரக்காரர் ஒருவர் கோலோடு வந்து வீட்டை அளந்தார். கொல்லை வாசல்தான் பிள்ளைகளை வாங்குகிறது, அடைத்துவிட்டால் அடுத்தது தங்கும் என்றார். மாமா அன்றைக்கே அடைத்தார். அதன் பிறகு உங்களுக்குப் பிறக்கவே இல்லை. மாமாவும் போய்விட்டார். கிணற்றடியில் கீழாநெல்லியை மட்டும் காப்பாற்றி வைத்தீர்கள், அடுத்து இந்த வீட்டில் பிறக்கும் எந்தக் குழந்தைக்காவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும் என்று. பேரன் நகத்தை ஏன் அழுத்திப் பார்த்தீர்கள், அம்மா பேசியபோது ஏன் வாயைத் திறக்கவில்லை, என்னை ஏன் அன்றைக்கே போகச் சொன்னீர்கள், எல்லாம் அந்த மேஜை முன்னால் எனக்குத் தெரிந்தது. வீட்டின்மேல் எனக்கு இருந்தது இரண்டு வருஷத்துச் சந்தேகம். உங்களுக்கு உங்கள்மேலேயே இருபத்தைந்து வருஷத்துச் சந்தேகம்.

"புள்ளைங்கள முழுங்கினவள்னு சொல்லுவாங்க," என்றீர்கள் மெதுவாக. "அப்ப நான் முழுங்கலையா டாக்டரம்மா?"

"இல்லம்மா. நீங்களும் முழுங்கல, உங்க வீடும் முழுங்கல. உங்களுக்கும் மருமகளுக்கும் ஒரே ரத்தம், ஒரே கஷ்டம். அப்ப இதைக் கண்டுபிடிச்சுச் சொல்ல யாரும் இல்ல, அவ்வளவுதான்."

நீங்கள் அழவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, தோள் இடிக்க உட்கார்ந்தீர்கள். நான்தான் அழுதேன்.

அப்புறம் ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டு, "சரி, எடுங்க" என்றீர்கள். டாக்டரம்மா தலையை ஆட்டினார். உங்கள் ரத்தத்திலும் அந்த எதிர்ப்பு இன்னும் இருக்கிறது, அதைக் குழந்தைக்கு ஏற்றினால் இன்னும் கெடுதல் என்றார்.

"இருபத்தஞ்சு வருஷமாகியும் அதுக்குக் கோவம் தணியலையா?"

"உங்களுக்குத் தணிஞ்சுதாம்மா?" என்று கேட்டார் டாக்டரம்மா. உங்களையே வாயடைக்க வைத்த ஒரே ஆள் அவர்தான். உங்கள் முகம் வாடியதைப் பார்த்து உடனே அடுத்ததையும் சொன்னார். "ஆனா நீங்க வந்தது வீண் இல்ல. உங்க மகன் பாசிட்டிவ்தான், அது அவங்கப்பா குடுத்தது. உங்ககிட்டயிருந்து அவருக்கு நெகட்டிவ்தான் வந்திருக்க முடியும். ரெண்டும் அவர்கிட்ட இருக்கு. தன் குழந்தைக்கு அவர் அதுல ஒண்ணைத்தான் குடுப்பார். உங்களோடதைக் குடுத்திருந்தா குழந்தை நெகட்டிவ். இவ ரத்தம் அதைத் தொடவே தொடாது. பாதிக்குப் பாதி."

அன்று சாயங்காலம் பாலக்கரை வீட்டில் உங்கள் மகனைப் பிடித்துக்கொண்டீர்கள். "பாதிக்குப் பாதின்னா என்னடா?" கணக்கு வாத்தியாருக்குக் கேட்க வேண்டுமா? காலணாவைச் சுண்டிப் போட்டு, ஸ்லேட்டில் கட்டம் போட்டு, ஒரு மணி நேரம் நடத்தினார். நீங்கள் கேட்டுவிட்டு, "ரெண்டு டப்பா இருக்கு, எதுல கைய விட்டான்னு தெரியாது. அதான?" என்றீர்கள். "அதான்மா." "இதுக்கா ஒரு மணி நேரம்?" கொஞ்சம் கழித்து அவரை முறைத்தீர்கள். "என்னோடத குடுத்திருக்கணும்டா நீ." ஏதோ அவர் கையில் இருந்ததுபோல. பாவம், அவரும் குற்றவாளி மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மா உங்களுக்குத் தன் கையால் காப்பி கொண்டுவந்து நீட்டி, "சம்பந்தி, நான் அன்னிக்குப் பேசினது..." என்று ஆரம்பித்தாள். நீங்கள் ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை பத்தல" என்றீர்கள். அம்மா சர்க்கரை டப்பாவை எடுத்துவர உள்ளே ஓடினாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அதற்குப் பிறகு மூன்று மாதம் ஒன்றுவிட்டு ஒரு நாள் ஜன்னலோர சீட்டில் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்தீர்கள். வந்து என் வயிற்றைப் பார்த்து, பிறக்காத குழந்தையிடம் ஒரே பேச்சுத்தான். "பாட்டியோடத எடுத்துக்கிட்டு வா. தாத்தா நல்லவருதான், இருந்தாலும் அவரோடது வேணாம்."

தை மாதம் ஒரு முற்பகலில் பெண் பிறந்தாள். தொப்புள்கொடியிலிருந்து ரத்தம் எடுத்துக்கொண்டு சிஸ்டர் போனார். என் வாழ்க்கையில் அதுபோல ஒரு மணி நேரம் வந்ததில்லை. வராந்தாவில் தம்பி சட்டைக் கையை மடித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நீங்கள் குழந்தையை ஜன்னலோரம் கொண்டுபோய் இமையைப் பார்த்தீர்கள், நகத்தை அழுத்தினீர்கள், மறுபடி இமை, மறுபடி நகம். நான் உங்கள் முதுகையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சிஸ்டர் கதவருகிலேயே நின்று கத்தினார்: "நெகட்டிவ்!"

வராந்தாவில் தடால் என்று ஒரு சத்தம். தம்பி மயங்கி விழுந்திருந்தான். கொடுக்காத ரத்தத்துக்கு மயங்கிய ஆளுக்கு சோடா வாங்கிக் கொடுத்து எழுப்பினார்கள். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையின் முகத்தோடு முகத்தை வைத்துக்கொண்டு, "என்னோடதைத்தான் எடுத்துக்கிட்டு வந்திருக்கா," என்றீர்கள். அப்போதுதான் நீங்கள் அழுது பார்த்தேன்.

மூன்றாம் நாள் காலை அவள் முகத்தில் லேசாக மஞ்சள் தெரிந்தது. எனக்கு உயிர் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் உங்களைக் காணோம். இரண்டு மணி நேரத்தில் வந்தீர்கள், கையில் வாழையிலை மூடிய ஒரு டம்ளர். ஸ்ரீரங்கம் போய்ப் பறித்து அரைத்துச் சாறு எடுத்துக்கொண்டு, பஸ்ஸில் ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்திருக்கிறீர்கள். சிஸ்டர் வழிமறிக்க, நீங்கள் விலக்க, நடுவில் டாக்டரம்மா வந்தார். குழந்தையைப் பார்த்தார், ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தார். "இது எத்தனையோ குழந்தைங்களுக்கு வர்ற சாதாரண மஞ்சள்மா. நாலஞ்சு நாள்ல தானாப் போயிடும். அந்த மஞ்சள் வேற, இது வேற."

நீங்கள் டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தீர்கள். "இவ்வளவு தூரம் கொண்டுவந்துட்டேன், வீணாப் போவக்கூடாதுல்ல" என்று சொல்லி மடமடவென்று நீங்களே குடித்துவிட்டீர்கள். அந்தக் கசப்பில் உங்கள் முகம் போன போக்கு! வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தேன். மூன்று வருஷத்தில் நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

முப்பதாம் நாள் ஜட்காவில் காவிரியைத் தாண்டி வந்தேன். வண்டி தெருவுக்குள் நுழையும்போதே நம் வீட்டிலிருந்து டொம் டொம் என்று சத்தம். இறங்கி உள்ளே வந்தால் நீங்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையெல்லாம் செங்கல் தூளாக, கடப்பாரையால் அடைத்த வாசலை இடித்துக்கொண்டிருந்தீர்கள். "அங்கயே நில்லு! தூசி!" என்று என்னைப் பார்த்துக் கத்தினீர்கள். "கொத்தனாரு காலையில வரேன்னான், வரல. நீ வந்துட்ட. அதான்." கடைசிச் செங்கல் அந்தப் பக்கம் விழுந்ததும் சமையலறைக்குள் வெயில் வந்தது. மறுநாள் காலை அந்த வழியாகத்தான் உங்கள் பேத்தியைக் குளிப்பாட்டக் கிணற்றடிக்கு எடுத்துப்போனீர்கள்.

எங்களுக்கு இந்த இரண்டு போதும் என்று நிறுத்திக்கொண்டோம். பாதிக்குப் பாதியை இன்னொரு தரம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் நீங்கள் ஒன்றை மாற்றிக்கொண்டீர்கள். அதுவரை யார் கேட்டாலும் பிள்ளை ஒண்ணு என்பீர்கள். அதற்குப் பிறகு நாலு. கணக்கெடுப்புக்கு வந்தவர் ஒரு தரம், "பாட்டி, இருக்கறவங்களை மட்டும் சொல்லுங்க" என்றார். "அது உன் கணக்கு. என்னைக் கேட்டா நாலுதான். ஒருத்தன் இருக்கான், மூணு பேர் இல்ல. பெத்தது நான்" என்றீர்கள். அவர் என்ன எழுதினாரோ தெரியாது.

உங்கள் பேத்தியின் பிரசவத்தைப் பார்க்க நீங்கள் இல்லை. அவளும் நெகட்டிவ், அவள் புருஷன் பாசிட்டிவ். முதல் குழந்தை பிறந்த மறுநாள் நர்ஸ் அவளுக்கு ஒரு ஊசியைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனாள். இனி அடுத்த குழந்தைக்குப் பயமில்லை என்றார்கள். அவ்வளவுதான் அத்தை. கட்டை விரல் அகலம் மருந்து. நான் அந்தக் காலிக் குப்பியைக் குப்பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் நின்றேன். உங்கள் மூன்று பேரையும் என் ஒருத்தியையும் நினைத்துக்கொண்டேன். கோபம் வரவில்லை. உங்களிடம் காட்டினால் "இத்துனூண்டா?" என்று கேட்டிருப்பீர்கள், அந்தக் குரல்தான் காதில் கேட்டது.

இன்று காலை நான் கீழாநெல்லிக்காகப் போட்ட சத்தம் கேட்டுப் பக்கத்து ஃப்ளாட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் எட்டிப் பார்த்தாள். நல்ல பெண். மருந்துச் செடியா பாட்டி, பேர் என்ன என்று விசாரித்தாள். அப்படியே பேச்சு வளர்ந்து, "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க பாட்டி?" என்றாள்.

"மூணு," என்றேன்.

"இவங்க இருக்காங்க, பெங்களூர்ல ஒரு அண்ணன் இருக்கார்னு சொன்னாங்க. இன்னொருத்தர் எங்க இருக்காங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் பேத்தி, கீழே விழுந்த கரண்டியை எடுத்து மண்ணைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "எனக்கு நேர் மூத்தவ, ஒரு அக்கா. மூணு நாள் எங்க ஸ்ரீரங்கத்து வீட்டுல இருந்தா."